நாய் பின்னங்கால் நொண்டுது: எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான் வேணுமா?

கல்லடி வாசி:
லாப்ரடோர், 6 வயசு, 34 கிலோ. மூணு கிழமையா வலது பின்னங்கால் நொண்டல். நிக்கக்குள்ள விரல்நுனி மட்டும்தான் நிலத்தில படுது. எக்ஸ்ரேயில முறிவு இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் தெரியுமாம். எடுக்கிறதா?

எலும்புமூட்டு:
இப்ப வேணாம். நீங்க சொல்ற மாதிரி நிக்கிற பெரிய நாய்க்கு முதல்ல சந்தேகப்படவேண்டியது முழங்காலுக்குள்ள இருக்கிற முன் குரூசியேட் லிகமென்ட் (தொடையெலும்பையும் கீழெலும்பையும் பிணைக்கிற நார்). அது எக்ஸ்ரேயில தெரியாது. ஆனா மூட்டுக்குள்ள நீர் கட்டினா, முன்பக்கத்துக் கொழுப்பு ஒதுங்கின நிழல் பக்கவாட்டுப் படத்தில விழும். அதே படத்தைத் திரும்ப ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்க.

மறுகா இழுவைச் சோதனை: தொடையெலும்பை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சு, கீழெலும்பை முன்னுக்குத் தள்ளிப் பார்க்கிறது. வழுக்கினா லிகமென்ட் அறுந்திருக்கு. முழிச்சிருக்கிற நாய் தசையை இறுக்கும், அறுந்திருந்தாலும் அறாத மாதிரித்தான் தோணும். அதால மயக்க ஊசி போட்டுத்தான் பார்க்கணும். பாதி அறுந்திருந்தா முழங்காலை மடக்கிப் பிடிச்சாத்தான் வழுக்கும், நீட்டிப் பிடிச்சா அசையாது. மெனிஸ்கஸ் (முழங்காலுக்குள்ள மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு) கிழிஞ்சிருக்கா எண்டதை ஒப்பரேசன் நேரம் மூட்டைத் திறந்தே பார்ப்பாங்க.

அக்கரைப்பற்று:
உண்ணி இருக்கா? காய்ச்சல், கால் மாறி மாறி நொண்டல், ஒண்டுக்கு மேல மூட்டு வீக்கம் எண்டா உண்ணிக் காய்ச்சலையும் பாருங்க. ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் எண்ணிக்கை குறைஞ்சிருந்தா ஒப்பரேசனில ரத்தம் நிக்காது. ரத்தப் பரிசோதனை முதல்ல.

மூட்டுப்படம்:
எம்.ஆர்.ஐ. உதவுறது வேற இடத்தில: பாதத்தை இழுத்து நடக்கிறது, விரல் மடிஞ்சு மேல்பக்கம் நிலத்தில படுறது, முதுகு தொட்டா கத்துறது. இதெல்லாம் முதுகுத்தண்டு, டிஸ்க் பக்கம். தோள் தசைநாருக்கும் நல்லம். முன்னங்கால் முழங்கையில உடைஞ்ச சின்ன எலும்புத்துண்டு தேட சி.டி. தான் திறம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கக்குள்ள நாய் அசையாமக் கிடக்கணும், அதால முழு மயக்கம். முக்கால் மணித்தியாலம், சிலநேரம் அதுக்கு மேலயும் போகும். உடம்பில எயார் ரைபிள் குண்டு இருக்கா எண்டு முதல்ல எக்ஸ்ரேயில பார்க்கணும், இரும்பெண்டா உள்ள அசையும். கழுத்து மைக்ரோசிப் அந்த இடத்துப் படத்தைக் கெடுக்கும், முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை.

பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினா கடிதம், எக்ஸ்ரே, குடுத்த மருந்து விபரம் மூண்டையும் கொண்டுபோங்க. மயக்கத்துக்கு முன் 8 மணித்தியாலம் சாப்பாடு இல்லை. மகியங்கனை 18 வளைவு மலைப்பாதையில ஏற வெறும் வயிறுதான் வசதியும்.

கல்லடி வாசி:
அதுவரைக்கும் நோவுக்கு வீட்டில இருக்கிற டைக்ளோபெனாக் குடுக்கலாமா?

எலும்புமூட்டு:
கூடவே கூடாது. குடல் புண்ணாகி ரத்தம் போகும், சிறுநீரகமும் பழுதாகும். இபுபுரூபனும் அப்படித்தான். நாய்க்குக் குடுக்கிற நோவு மருந்து மெலொக்சிகாம் எண்டா முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு தினம் 0.1. உங்கட நாய்க்கு முதல் நாள் 6.8 மில்லிகிராம், பிறகு தினம் 3.4. வைத்தியர் எழுதித் தந்தா மட்டும், சாப்பாட்டோட. ஏற்கனவே பிரெட்னிசொலோன் (ஸ்டீராய்ட் மருந்து) குடுத்திருந்தா அதைச் சொல்லாம இதை வாங்கிடாதீங்க. அதுவரைக்கும் கயிறு போட்டு மூத்திரத்துக்கு மட்டும் வெளிய விடுங்க, படி ஏறக் கூடாது.