என்கொயரி மெத்தட் பயிற்சிக்குப் போன கெமிஸ்ட்ரி ஆசிரியர்களே, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்றை மட்டும் எழுதுங்க

கூம்புக்குடுவை:

நானே ஆரம்பிக்கிறேன். விடையைச் சொல்லாம மாணவரையே சோதனை செஞ்சு தேட வைக்கிற என்கொயரி முறைக்கு, பி.ஜி. கெமிஸ்ட்ரி ஆசிரியர்களுக்குப் போட்ட பணியிடைப் பயிற்சி. எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, குரூப்புக்கு ஒரு விஞ்ஞானி பேர், மாணவர் மையக் கற்றல் பற்றி நம்மை வாயே திறக்க விடாத லெக்சர். அதை விடுங்க.

மதியம் ஒரு கருத்தாளர் வந்தார். பிரொஜெக்டரை அணைச்சுட்டு, லேபுக்கு வாங்கன்னார். ஆக்சாலிக் ஆசிட், பர்மாங்கனேட் டைட்ரேஷன், அதாவது குடுவையில் இருக்கிற ஆசிட்டில் ஊதா நிற பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டா விட்டு, நிறம் மறையாம நிக்கிற வரை அளக்கறது. பிளஸ் டூக்கு வருஷா வருஷம் செய்யறதுதான். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சுக்கிட்டோம். சூடாக்கின குடுவையில் பியூரெட்டைத் திறந்து ஒரே ஒரு சொட்டு விட்டார். “அடுத்த சொட்டு விட மாட்டேன். பாருங்க.”

இளஞ்சிவப்பு அப்படியே நிக்குது. ஆட்டறார், நிக்குது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் போச்சு. இரண்டாவது சொட்டு அதைவிடச் சீக்கிரம். கொஞ்சம் தள்ளி விழுந்த சொட்டெல்லாம் விழுந்த வேகத்தில் காணோம். “ஏன்?”

ஒருத்தர், சூடு பத்தலை சார்னார். “குடுவை அடுப்பில் இருந்து இறங்கிருச்சு, ஆறிக்கிட்டே வருது. அப்ப பின்னாடி விழற சொட்டு இன்னும் மெதுவாத்தானே போகணும்?” அமைதி. இன்னொருத்தர் ஆட்டோகேட்டலிசிஸ்னார், புக்கில் இருக்கிற வார்த்தை. “பேர் சொல்லிட்டீங்க. அதுதான்னு எனக்கு எப்படிக் காட்டுவீங்க?” கேட்டுட்டு, சால்ட் அலமாரியைத் திறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

எல்லாரும் எம்.எஸ்சி., பி.எட். யாருக்கும் கை ஓடலை. கடைசியில் ஒரு மேடம் மாங்கனீஸ் சல்பேட் பாட்டிலை எடுத்து, சூடாக்காத குடுவையில் ஒரு சிட்டிகை போட்டாங்க. வெறும் குடுவையில் சிவப்பு நிக்குது, இதில் போயிருச்சு. வினையில் உண்டாகிற மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்துதுன்னு எழுதிப் பாஸ் பண்ணின கூட்டம்தான் நாங்க. கண்ணால பார்த்தது அன்னைக்குத்தான்.

அடுத்த பேட்ச்சுக்கு அந்தக் கருத்தாளரைக் கூப்பிடலையாம். தலைப்பை விட்டு விலகிப் போறார்னு யாரோ ஃபீட்பேக்கில் எழுதியிருக்காங்க. யாருன்னு இப்பவும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

மலையடிவாரம்_பி.டி.:

கொடுத்து வெச்சவர் சார் நீங்க. எங்களுக்கு வந்தது மெழுகுவர்த்தி ஆள்.

தட்டில் தண்ணி, நடுவில் மெழுகுவர்த்தி, மேல கண்ணாடி டம்ளர். அணைஞ்சதும் தண்ணி ஏறுது. “எவ்வளவு ஏறுச்சு? அஞ்சில் ஒரு பங்கு. அப்ப காத்தில் ஆக்சிஜன் எவ்வளவு?” எல்லாரும் கோரஸா, இருபத்தொரு சதவீதம். “பார்த்தீங்களா, மாணவரே கண்டுபிடிச்சுட்டார். இதுதான் என்கொயரி.” கைதட்டல்.

என் பக்கத்தில் இருந்த டீச்சர் சும்மா இருக்கலை. மூணு மெழுகுவர்த்தி ஏத்தி அதே டம்ளரைக் கவுத்தாங்க. தண்ணி முன்னைவிட நல்லாவே மேல ஏறிருச்சு. “சார், இப்ப காத்தில் ஆக்சிஜன் கூடிருச்சா?” அவர் வாட்சைப் பார்த்துட்டு, “அது வேற கான்செப்ட் மேடம், டைம் ஆச்சு”ன்னார்.

வேற கான்செப்ட் ஒண்ணும் இல்லை. சுடரோட சூட்டில் காத்து விரிஞ்சு டம்ளர் விளிம்பு வழியா குமிழியா வெளியேறுது. அணைஞ்சதும் மிச்சம் இருக்கிறது ஆறிச் சுருங்குது, தண்ணி ஏறுது. ஆக்சிஜன் தீர்றதுதான் காரணம்னா எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஏறணும். அது அணையற நேரத்தில்தான் குபுக்குன்னு ஏறும், கவனிச்சுப் பாருங்க. மெழுகுவர்த்தி அணையும்போது உள்ள பாதிக்கு மேல ஆக்சிஜன் மிச்சம்தான்.

அந்த டீச்சரோட கேள்விதான் அன்னைக்கு அந்த ஹாலில் நடந்த ஒரே என்கொயரி. ஃபீட்பேக் ஃபார்மில் எல்லாரும் ‘மிக நன்று’ டிக் போட்டோம்.

எழுபது_மார்க்:

ரெண்டு பேரும் நல்லாக் கதை சொல்றீங்க. ஆனா தியரிக்கு 70, பிராக்டிகலுக்கு 20, இன்டர்னலுக்கு 10. அந்த எழுபதில் ‘முதல் சொட்டு ஏன் நிக்குது’ன்னு எந்த வருஷம் கேட்டான்? ரிசல்ட் குறைஞ்சா மீட்டிங்கில் எழுப்பி நிக்க வைக்கிறது என்னை. கருத்தாளரை இல்லை.

என் அனுபவம். பீரியாடிக் டேபிளை மாணவர்களே கண்டறியட்டும்னு பயிற்சியில் அட்டைகள் கொடுத்து அனுப்பினாங்க. தனிமத்தோட நிறை, ஆக்சைடோட வாய்பாடு, உருகுநிலை எல்லாம் எழுதின அட்டை. 1869-ல் மெண்டலீவ் செஞ்ச மாதிரி அடுக்கணும். பிளஸ் ஒன்னில் கொடுத்தேன். அருமையா அடுக்கினாங்க. மஞ்சள் அட்டை ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், ரோஸ் ஒரு பக்கம். கிட் தயாரிச்சவங்க கையில் கிடைச்ச சார்ட்டையெல்லாம் வெட்டியிருக்காங்க. ஒரு பையன் எழுந்து, “சார், ரோஸ்ல ஒண்ணு குறையுது”ன்னான்.

கல்வி ஆராய்ச்சிக்காரங்க கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூணு பேரும் 2006-லயே எழுதிட்டாங்க, அடிப்படை தெரியாத பையனைத் தனியாத் தேட விட்டா மூளைக்குப் பாரம்தான், படிப்பு ஏறாதுன்னு. அதையும் பயிற்சியில் சொல்லலாமே.

நடுநிலைப்பள்ளி_வாசல்:

எழுபது சார், அந்த 2006 கட்டுரை அடிக்கிறது வழிகாட்டலே இல்லாம விடற முறையை. கூம்புக்குடுவை சொன்ன ஆள் வழிகாட்டாமலா விட்டார்? ஆறற குடுவையைக் காட்டி ஒரு கேள்வி கேட்டாரே, அதைவிட என்ன வழிகாட்டல்? உங்க ரோஸ் அட்டை கதையில் தப்பு அட்டையில். முறை மேல ஏன் பாயறீங்க?

பரீட்சை பற்றி நீங்க சொன்னது மட்டும் நூத்துக்கு நூறு சரி. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 1972-ல் பதினாறு பள்ளியில், சோதனை செஞ்சே அறிவியல் கத்துக்கிற திட்டம் ஆரம்பிச்சாங்களே, ஆறாவது முதல் எட்டாவது வரை, அவங்க முதலில் புரிஞ்சுக்கிட்டதே அதுதான். பரீட்சையையே மாத்தினாங்க. புத்தகத்தைத் திறந்து வெச்சு எழுதலாம், செய்முறைக்குத் தனி மார்க். பயிற்சியில் ஆசிரியர்கள் பசங்க மாதிரியே உட்கார்ந்து ஒவ்வொரு சோதனையும் செஞ்சு, சண்டை போட்டு, அப்புறம்தான் வகுப்புக்குப் போனாங்க. 2002-ல் அரசு நிறுத்திருச்சு, அது தனிக் கதை. பரீட்சையைத் தொடாம ஆசிரியருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தா சார்ட் பேப்பர் கடைக்காரருக்குத்தான் லாபம்.

என் அனுபவம் சின்னது. பயிற்சியில் எழுந்து, “இதுக்கு எக்ஸாமில் எப்படி மார்க் போடுவீங்க?”ன்னு கேட்டேன். “நல்ல கேள்வி மேடம், பார்க்கிங் லாட்டில் எழுதுங்க”ன்னாங்க. சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டுக்கு அதுதான் பேர். எழுதினேன். சாயங்காலம் ஹால் காலி பண்ணும்போது அதைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் செருகினதைப் பார்த்தேன்.

ஓய்வு_லேப்:

எங்க காலத்தில் ஒரு பயிற்சி. மயில்துத்தத்தைச் சூடாக்கச் சொன்னார்கள். நீலம் போய் வெள்ளைப் பொடி ஆயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மறுபடி நீலம். படிக நீர் என்று காலமெல்லாம் போர்டில் எழுதிய சீனியர் ஒருவர் “அட!” என்றார். அவ்வளவுதான் என் கதை.

கூம்புக்குடுவைக்குச் சொல்கிறேன், இதை வகுப்பில் செய்வதற்கு பியூரெட்டே வேண்டாம். பியூரெட் என்றால் ஒருவன் செய்வான், ஐந்து பேர் வேடிக்கை பார்ப்பார்கள். டெஸ்ட் டியூபும் இங்க் ஃபில்லரும் போதும். மூன்று டியூபிலும் ஒரே அளவு ஆக்சாலிக் ஆசிட், ஒரே அளவு நீர்த்த சல்பியூரிக் ஆசிட். ஆசிட்டை நீங்கள்தான் நீர்க்க வைக்க வேண்டும், பையன் கையில் அடர் அமிலம் போகவே கூடாது. ஆக்சாலிக்கும் விஷம்தான், கை கழுவாமல் சாப்பாட்டுக்கு விடாதீர்கள். ஒரு டியூப் சும்மா இருக்கட்டும். ஒன்றை அறுபது டிகிரி வெந்நீரில் நிறுத்துங்கள். கொதிக்கக் கூடாது, ஆக்சாலிக்கே சிதைய ஆரம்பிக்கும். மூன்றாவதில் மாங்கனீஸ் சல்பேட் சிட்டிகை. இப்போதே பர்மாங்கனேட்டை விட்டுவிடாதீர்கள். எதில் முதலில் நிறம் போகும், ஏன் என்று ஒவ்வொருவரும் பேனாவால் எழுத வேண்டும். பென்சில் என்றால் பிறகு அழித்துவிடுவார்கள். எழுதிய பிறகு மூன்றிலும் ஒரே நேரத்தில் ஒரு சொட்டு. ஒருவன் சத்தமாக எண்ண வேண்டும்.

ஏதாவது ஒரு டியூபில் பழுப்பு நிறம் வரும். ஆசிட் குறைந்தால் மாங்கனீஸ் டை ஆக்சைடு வரை வந்து நின்றுவிடும். தப்பாகிவிட்டது என்று கொட்டாதீர்கள், அடுத்த வகுப்புக்குச் சரக்கு அதுதான். சல்பியூரிக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் என்ன ஆகும் என்று எவனாவது கேட்பான். குளோரைடையும் பர்மாங்கனேட் ஆக்ஸிஜனேற்றும் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பீரியட் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. அதை எந்தப் பயிற்சியிலும் பழக்குவதில்லை.

எழுபது_மார்க்:

ஐயா, அறுபத்திரண்டு பசங்க, ஒரு லேப் அசிஸ்டென்ட், அவரும் எலெக்ஷன் டூட்டியில். டெஸ்ட் டியூப் கழுவறது யார்?

ஓய்வு_லேப்:

பையன்கள்தான். கழுவுவதும் கெமிஸ்ட்ரிதான்.

வடமராட்சி_ரீச்சர்:

எங்கட பக்கம், இலங்கையில, 2007 சீர்திருத்தத்தோட 5ஈ எண்ட கற்பித்தல் முறை வந்தது; ஈடுபடல், ஆராய்தல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் எண்டு அஞ்சு படி. ஆசிரியர் வழிகாட்டியில ஒவ்வொரு பாடமும் அந்த அஞ்சு படியிலதான். செயலமர்வு எல்லாம் போய் வந்தாச்சு. எனக்கு இண்டைக்கும் ஆறாத ஒண்டு, வகுப்புப் பார்க்க ஒருத்தர் வந்த நாள்.

சுண்ணாம்பு நீருக்குள்ள குழாயால ஊதிற செயற்பாடு. பால்நிறம் வந்தோண்ண நிப்பாட்டுறதுதான் வழக்கம், புத்தகத்திலயும் அதோட முடிஞ்சிடும். பின்வாங்கில இருந்த பெடியன் ஒருத்தன் நிப்பாட்டேல்ல. முகம் சிவக்கச் சிவக்க ஊதிக்கொண்டே இருந்தவன், “ரீச்சர், வெள்ளை போயிட்டுது!” எண்டு கத்தினான். முழுப் பிள்ளையளும் எழும்பி அங்க ஓடிற்றுதுகள். காபனீரொட்சைட்டு கூடினா கல்சியம் இருகாபனேற்றாகிக் கரைஞ்சிடும், அது எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுக்க முன்னம் இன்னொரு பிள்ளை கேட்டுது: “அப்ப இதைச் சூடாக்கினா வெள்ளை திரும்பி வருமோ ரீச்சர்? எங்கட வீட்டுக் கேத்தலுக்க வாற மாதிரி?”

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணத்துத் தண்ணி குடிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வி அது. எந்த வழிகாட்டியிலயும் இல்லை. பன்சன் சுடரடுப்பைப் பத்த வைக்கப் போனன். பின்னால இருந்து, “ரீச்சர், நீங்கள் இன்னும் மூண்டாம் படியிலதான் நிக்கிறியள், நேரம் போகுது” எண்டார். படிவத்தில எழுதினது: நேர முகாமைத்துவம் போதாது.

சூடாக்கினனாங்கள்தான். வெள்ளை வந்தது. அவர் அதுக்குள்ள அதிபரின்ர அறைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்.

பி.எட்_ரெண்டாம்_வருஷம்:

பெரியவங்க நடுவில் நானும் எழுதலாமா தெரியலை. ஆம்ஸ்ட்ராங் ஹியூரிஸ்டிக் மெத்தடைப் பத்து மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிட்டு டீச்சிங் பிராக்டிஸ் போனேன். அவரும் கெமிஸ்ட்ரிக்காரர்தான், மாணவனைக் கண்டுபிடிப்பாளன் இடத்தில் நிறுத்தணும்னு சொன்னவர். அவர் முறையையே டிக்டேட் பண்ணித்தான் எங்களுக்கு நடத்தினாங்க, அதை விட்டுடறேன்.

ஒன்பதாம் வகுப்பில் யூரியாவைத் தண்ணியில் கரைக்கச் சொன்னேன். டம்ளர் ஜில்லுன்னு ஆச்சு. ஒரு பொண்ணு டம்ளரைக் கன்னத்தில் வெச்சுக்கிட்டே, “மிஸ், இதில இருந்த சூடு எங்க போச்சு?”ன்னு கேட்டா. “எங்க போச்சுன்னு நீ நினைக்கிறே?”ன்னு திருப்பிக் கேட்டேன். “உப்புக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு”ன்னா. பின்னாடி உட்கார்ந்திருந்த கைடு டீச்சர் வகுப்பு முடிஞ்சதும், “இதெல்லாம் ரெக்கார்டுக்கு நல்லா இருக்கும்மா. நாளைக்கு புக் பேக் கேள்வியை முடிச்சுடு”ன்னாங்க. ரெக்கார்டில் அந்த ஒளிஞ்சுக்கிச்சு வார்த்தையை எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அடிச்சு ‘வெப்பம் கொள் வினை’ன்னு திருத்தித் தந்தாங்க.

ஓய்வு_லேப்:

அம்மா, உரக்கடை யூரியாவா எடுத்தீர்கள்? 2015-க்குப் பிறகு எல்லாம் வேப்பெண்ணெய் பூசியதுதான். கரைசல் கலங்கும், வாடை அடிக்கும். பிள்ளைகள் குளிர்ச்சியை விட்டுவிட்டு வாடையைப் பிடித்துக்கொள்வார்கள். லேபில் அமோனியம் குளோரைடு இருக்கும், சால்ட் அனாலிசிஸுக்கு வாங்கியது. அதை எடுங்கள், அதுவும் குளிரும்.

பி.எட்_ரெண்டாம்_வருஷம்:

வாடையைத்தான் சார் முதலில் கேட்டாங்க. உரத்துக்கு எதுக்கு வேப்பெண்ணெய்னு. அதுக்கே பாதிப் பீரியட் போயிருச்சு.