2009ல் எட்டு அணிகள் எஃப்-1 கார் பந்தயத்தை விட்டுப் போறோம்னு மிரட்டியது சரியா, தப்பா?

வெலிங்டன்:
ஞாயிற்றுக்கிழமை குன்னூர் பெட்போர்டு டீக்கடையில் பாதியில் நின்ற சண்டை இது. முடிக்காமல் விட மனசில்லை, அதனால் இங்கே போடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2010 முதல் ஒரு அணி வருஷத்துக்கு 4 கோடி பவுண்டுதான் செலவு செய்யலாம் என்று உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் அப்போதைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி வரம்பு கொண்டுவந்தார். வரம்பை ஏற்கிற அணிக்குத் தொழில்நுட்பத்தில் சலுகை, ஏற்காத அணிக்குக் கட்டுப்பாடு. உடனே ஃபெராரி, மெக்லாரன், பிஎம்டபிள்யூ, ரெனோ, டொயோட்டா, ரெட் புல், டோரோ ரோசோ, பிரான் ஆகிய எட்டும் ஃபோட்டா என்ற தங்கள் சங்கத்தின் பெயரில், 2009 ஜூன் சில்வர்ஸ்டோன் பந்தய வாரத்திலேயே, "தனி சாம்பியன்ஷிப் நடத்திக்கொள்கிறோம்" என்று அறிவித்தன. வில்லியம்ஸும் ஃபோர்ஸ் இந்தியாவும் மட்டும் சேரவில்லை. ஐந்தே நாளில் பாரிசில் சமரசம். வரம்பு கைவிடப்பட்டது, மோஸ்லி அடுத்த தேர்தலில் நிற்கவில்லை.

இதை உரிமைப் போராட்டம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். காசுள்ளவர்கள் சேர்ந்து காசில்லாதவர்களின் வழியை அடைத்தார்கள். அதில் அடிபட்டவர்களில் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் சென்னை கருண் சந்தோக்கும் உண்டு.

கோத்தகிரி:
தம்பி, நான் ஃபேக்டரிக்குத் தேயிலை போடுறவன். குன்னூர் ஏலத்துல தூள் என்ன விலைக்குப் போச்சோ அதை வச்சுத்தான் எங்களுக்குப் பச்சை இலைக்கு விலை வருது. அதைத் தீர்மானிக்கிற மேசையில எங்களுக்கு நாற்காலி கிடையாது. அந்த வலி தெரிஞ்சவன் அணிகள் பக்கம்தான் நிப்பான்.

கார் கட்டுறது யாரு? இன்ஜின், ஓட்டுநர் சம்பளம், ஊர் ஊரா சாமான் தூக்கிட்டுப் போறது எல்லாம் யாரு செலவு? ஆனா லாபத்துல பாதி, 2006ல எஃப்-1 உரிமையைக் கைக்குள்ள கொண்டுவந்த சிவிசிங்கிற முதலீட்டுக் கம்பெனி பக்கம் போச்சு. ஒரு ரேஸ்கூட ஓட்டாதவங்க.

அப்புறம் மோஸ்லியைப் பத்தி. 1980ல அணிகள் சங்கத்தை நடத்தின எக்லெஸ்டோன் "எங்களுக்குத் தனி உலக சாம்பியன்ஷிப்"னு அறிவிச்சப்ப அவருக்குப் பக்கத்துல நின்ன வக்கீல் யாருன்னு தேடிப் பாருங்க. இதே மோஸ்லிதான். 1981 பிப்ரவரியில தென்னாப்பிரிக்காவுல கியாலமில ஃபெராரி, ரெனோ இல்லாமலே ரேஸ் நடத்திக் காட்டினாங்க. ராய்ட்டமான் ஜெயிச்சார், அந்தப் புள்ளி கணக்குலயே சேரலை. ஆனா அடுத்த மாசமே எஃப்-1 பணத்தையும் அதிகாரத்தையும் பங்கு பிரிக்கிற முதல் கான்கார்ட் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. அன்னிக்கு அவருக்கு நியாயமாப் பட்ட வழி 2009ல மத்தவங்களுக்கு எப்படித் தப்பாகும்?

வெலிங்டன்:
அண்ணா, உங்க வலி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஃபெராரியைச் சிறு விவசாயி என்று எப்படி ஒத்துக்கொள்வது? 2001ல் கார் கம்பெனிகள் இதே மாதிரி தனித் தொடர் பேசின. 2005 ஜனவரியில் ஃபெராரி தனியாகப் போய் எஃப்-1லேயே 2012 வரைக்கும் இருக்கக் கையெழுத்துப் போட்டது. மற்றவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். விதிகள் மேல் தடை அதிகாரம் வைத்திருந்த ஒரே அணியும் அதுதான். மேசையில் நாற்காலி இல்லாதவர்கள் யாரும் அந்த எட்டில் இல்லை.

பாதிப்பு எங்கே விழுந்தது என்று சொல்கிறேன். செலவு வரம்பை நம்பித்தான் 2010க்குப் புது அணிகள் விண்ணப்பம் போட்டன. வரம்பு போனது, அணிகள் மாட்டிக்கொண்டன. அப்படி வந்த எச்ஆர்டி அணியின் நிலைமையைப் பாருங்கள். 2010 பஹ்ரைனில் கருண் சந்தோக்கின் முதல் பந்தயம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் கார் தயாராகவில்லை. சனிக்கிழமை காலையிலும் மெக்கானிக்குகள் அதைப் பூட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சுற்றுகூட ஓட்டிப் பார்க்காத காரில் நேராகத் தகுதிச் சுற்றுக்குப் போனார் அவர். பிரேக் எவ்வளவு பிடிக்கும், கார் எந்தப் பக்கம் இழுக்கும், எதுவும் தெரியாது. மறுநாள் பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே விபத்தாகி வெளியே வந்தார். அவரை ஓட்டத் தெரியாதவர் என்று பேசினவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நரேன் கார்த்திகேயனுக்கும் அதே கதி. 2011, 2012 இரண்டு வருஷமும் மெல்போர்னில், தகுதிச் சுற்றின் வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓட்டியாக வேண்டும் என்ற விதிக்குள் வர முடியாமல் பந்தயத்திலேயே நிற்கவில்லை. செட்டிப்பாளையம் காரி டிராக்கில் ஃபார்முலா எல்ஜிபி பந்தயம் பார்க்க மலையிறங்கிப் போகிறோமே, அங்கே ஓட்டுகிற பையன்களில் யாருக்காவது எஃப்-1 கதவு திறந்தால் அது இப்படிப்பட்ட கடைசி வரிசை அணியில்தான் திறக்கும்.

எல்லநள்ளி:
ரெண்டு பேரும் ஐரோப்பாவையே பேசறீங்க. உண்மையிலேயே பிரிஞ்ச இடம் அமெரிக்கா. அங்கே இண்டி கார் பந்தயத்துல, 1979ல அணி முதலாளிகள் கார்ட்னு தனித் தொடரா வந்தாங்க. 1996ல இண்டியானபோலிஸ் டிராக் தரப்பு ஐஆர்எல்னு இன்னொண்ணு தொடங்கிச்சு. அந்த வருஷம் இண்டியானபோலிஸோட பெரிய ரேஸான இண்டி 500 நடந்த அதே நாள்ல கார்ட்காரங்க மிச்சிகன்ல போட்டி ரேஸ் வச்சாங்க. பெரிய ஓட்டுநர்கள் எல்லாம் அங்கேதான். பச்சைக் கொடி விழறதுக்குள்ள முன்வரிசையிலேயே இடிச்சு, பன்னெண்டு வண்டி காலி! 2003ல கார்ட் திவால். 2008ல ரெண்டும் ஒண்ணாச்சு. அந்த இடைவெளியில ஜனங்க நாஸ்கார்ங்கிற இன்னொரு கார் பந்தயத் தொடர் பக்கம் போயிட்டாங்க.

மிரட்டறது சரிங்கறவங்க, மிரட்டல் பலிக்காம நிஜமாவே பிரிய வேண்டி வந்தா என்ன ஆகும்னும் சேர்த்துச் சொல்லணும்.

கோத்தகிரி:
எல்லநள்ளி தம்பி சொல்றது நியாயமான கேள்வி. பிரிஞ்சிருந்தா ரெண்டு பக்கமும் நாசம்தான், மறுக்கலை.

ஆனா வரம்பு வந்த முறையைப் பாருங்க. மார்ச்சுல 3 கோடி பவுண்டுன்னாங்க, ஏப்ரல் கடைசியில 4 கோடின்னு மாத்தினாங்க, மே 29க்குள்ள பேர் குடுன்னாங்க. ஆயிரம் பேருக்கு மேல சம்பளம் குடுக்கற கம்பெனியும் உண்டு. அத்தனை குடும்பத்தையும் ரெண்டு மாசத்துல என்ன பண்றது? அதுவும் ஒரே ரேஸ்ல ரெண்டு விதி!

இதே வரம்பு 2021ல 14.5 கோடி டாலர்னு வந்துச்சே. எல்லாரும் உக்காந்து பேசி வந்ததால நிக்குது. 2021 கணக்குல மீறினதுக்கு ரெட் புல் 70 லட்சம் டாலர் அபராதம் கட்டினாங்க, காரைக் காத்துல வச்சுப் பாக்கற காற்றுச் சுரங்கச் சோதனையில 10 சதவீதம் இழந்தாங்க. யாரும் தனிக்கடை போடப் போகலை. நான் கேக்கறது இவ்வளவுதான். மேல இருந்து திணிச்சா எதிர்ப்பாங்க, கலந்து பேசினா கட்டுப்படுவாங்க.

வெலிங்டன்:
பேசி முடிக்க 12 வருஷம் ஆனதே அண்ணா. எச்ஆர்டி 2012லும், லோட்டஸ் பெயரில் வந்து கேட்டர்ஹாம் ஆன அணி 2014லும், வெர்ஜின் பெயரில் வந்த மேனர் 2016 சீசனோடும் போய்விட்டன. மூன்றுமே 2010ல் வந்தவை.

வரம்புக்குப் பதிலாக "நாங்களே செலவைக் குறைத்துக்கொள்கிறோம்" என்று ஃபோட்டா ஒரு ஒப்பந்தம் போட்டதே, அது என்ன ஆனது? 2011 டிசம்பரில் ஃபெராரியும் ரெட் புல்லும் சங்கத்தை விட்டே வெளியேறின. 2014ல் சங்கமே கலைந்தது. 2009 ஜூனில் கூட நின்ற பிஎம்டபிள்யூ ஜூலையிலேயே எஃப்-1க்கு முழுக்குப் போட்டது. நவம்பரில் டொயோட்டா. ஐந்து மாதம் நிற்காதவர்கள் தனி சாம்பியன்ஷிப் நடத்தியிருப்பார்களா?

கூடலூர்:
நரேன் பேச்சு வந்ததால சொல்றேன். 2005 இண்டியானபோலிஸ் எஃப்-1 ரேஸ். மிச்செலின் டயர் அந்தச் சாய்வான வளைவைத் தாங்காதுன்னு தெரிஞ்சதும், அங்கே வேகத்தைக் குறைக்க ஒரு வளைவு போடுங்கன்னு அணிகள் கேட்டாங்க. மோஸ்லி மறுத்துட்டார். வார்ம்-அப் சுற்று முடிஞ்சதும் மிச்செலின் போட்ட 14 காரும் வரிசையா பிட்டுக்குள்ள திரும்பிருச்சு. ஓடினது ஆறே கார். நரேன் நாலாவது, அவரோட அஞ்சு புள்ளியும் அங்கே வந்ததுதான். காசு குடுத்து உக்காந்த ஜனங்க பாட்டிலை டிராக்குல வீசினாங்க. அவங்களை அன்னிக்கு எஃப்ஐஏவும் கேக்கலை, அணிகளும் கேக்கலை.

இன்னிக்கும் அப்படித்தான். புதுசா சேரக் கேட்ட அமெரிக்க ஆண்ட்ரெட்டி அணிக்கு 2023ல எஃப்ஐஏ சரின்னுச்சு, 2024 ஜனவரியில எஃப்-1 நிர்வாகம் வேண்டாம்னுச்சு. பரிசுப் பணத்தைப் பங்கு போட இன்னொருத்தர் வர்றது பழைய அணிகள் பலதுக்குப் பிடிக்கலை. அப்புறம் ஜெனரல் மோட்டார்ஸ் தானே முன்ன நின்னு காடிலாக் பேருல வந்ததும் கதவு திறந்துச்சு.

கோத்தகிரி:
ஆண்ட்ரெட்டி விஷயத்துல பழைய அணிகளுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது அநியாயம்.

வெலிங்டன்:
அந்த அநியாயத்துக்கு விதை 2009தான் என்கிறேன். ஃபோர்ஸ் இந்தியாவும் சாபரும் பரிசுப் பணப் பங்கீடு சரியில்லை என்று 2015ல் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தன. பெரிய அணி ஒன்றாவது கூட வந்ததா? 2018ல் இருவரும் புகாரைத் திரும்பப் பெற்றார்கள். அதே வருஷம் ஃபோர்ஸ் இந்தியா கடனில் கைமாறியது.

கோத்தகிரி:
வரலைதான். வந்திருக்கணும். அதுக்காக 2009ல மோஸ்லி பண்ணினது சரின்னு என்னால சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமை கடைக்கு வாங்க தம்பி, மிச்சத்தைப் பேசுவோம்.