பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11: தடை உரிமமா, வன்பொருளா?

கேள்வி

வணக்கம். 2015-இல் வாங்கிய மடிக்கணினியில்தான் இன்றும் மொழிபெயர்ப்பு வேலை செய்து வருகிறேன். ஐந்தாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்டது. விண்டோஸ் 8.1-உடன் வந்த இதை, மைக்ரோசாஃப்ட் இலவச மேம்படுத்தல் அளித்த காலத்தில், 2016-இல், விண்டோஸ் 10-க்கு மாற்றினேன். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், எங்கள் ஊரில் ஒரு கடையில் விசாரித்தேன். 1,500 ரூபாய்க்கு ஒரிஜினல் கீ (விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் உரிமக் குறியீடு) போட்டு விண்டோஸ் 11 ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். ஆனால் கீ பற்றிப் பில்லில் எழுதித் தர முடியாதாம்.

அந்த கீ செல்லுமா? ஏற்கெனவே என்னிடம் உள்ள உரிமம் என்ன ஆகும்? ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டால் உரிமம் போய்விடுமா? ஆபீஸ் 2010 ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் பதிப்பும் இதில் இருக்கிறது. அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1

அந்தக் கடையில் பணம் கொடுக்க வேண்டாம். உங்களிடம் இல்லாத குறைக்கு அவர்கள் மருந்து விற்கிறார்கள்.

முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் 11-க்கான மேம்படுத்தல் இலவசம். தனியாகக் கீ வாங்க வேண்டியதில்லை. நீங்கள் 2016-இல் மாறியபோது, உங்கள் மதர்போர்டை அடையாளமாகக் கொண்ட ஒரு டிஜிட்டல் உரிமம் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவேஷன் சர்வரில் பதிவாகிவிட்டது. ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ என அதே பதிப்பை நிறுவும் வரை, விண்டோஸ் 11-உம் அந்த உரிமத்திலேயே ஆக்டிவேட் ஆகும். உங்களைத் தடுப்பது வன்பொருள்தான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், கணினி தொடங்கும்போதே மென்பொருளின் நம்பகத்தைச் சோதிக்கும் செக்யூர் பூட் வசதி, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி ஆகியவை வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்திருக்கிறது. ஐந்தாம் தலைமுறைச் செயலி அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை ரூபாய்க்குக் கீ வாங்கினாலும் அது பட்டியலில் ஏறப்போவதில்லை.

எஸ்எஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். உரிமம் மதர்போர்டோடு இணைந்தது; டிஸ்க்கையும் ரேமையும் மாற்றினால் அது போகாது. மதர்போர்டையே மாற்றினால்தான் சிக்கல். மடிக்கணினியோடு வந்த ஓஇஎம் உரிமத்தை வேறு கணினிக்குக் கொண்டுபோகவும் முடியாது. தனியாகக் கடையில் வாங்கும் ரீட்டெயில் உரிமத்துக்கு மட்டுமே அந்த வசதி உண்டு. மாற்றுவதற்கு முன், அமைப்புகளில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, டிஜிட்டல் உரிமத்துடன் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்ற வரி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலிவான கீகள் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனங்களும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்கும் வால்யூம் உரிமத்தின் கீயைச் சிலர் ஒவ்வொன்றாக வெளியில் விற்கிறார்கள். அது அந்த நிறுவனத்துக்கு மட்டும் அளிக்கப்பட்ட அனுமதி. அதை விற்க விற்பவருக்கும் உரிமையில்லை, வாங்குவதால் உங்களுக்கும் உரிமை வருவதில்லை. முறைகேடாகப் பரவிய கீயை மைக்ரோசாஃப்ட் முடக்கலாம். நிறுவனங்கள் தங்கள் சர்வர் வழியாகச் செய்யும் கேஎம்எஸ் முறையில் ஆக்டிவேட் செய்து கொடுத்தால் அது 180 நாட்களுக்குத்தான் செல்லும்; அதற்குள் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்டு புதுப்பித்தாக வேண்டும். உரிமமற்ற நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்துவது, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவின்படி குற்றமாகும்: ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்கோ ஆதாயத்துக்கோ பயன்படுத்தாதவருக்குச் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. ஆனால் நீங்கள் இதில் சம்பாதிக்கிறீர்கள். பில் தர மறுக்கும் கீயை ஏற்காதீர்கள்.

பதில் 2

மேலே சொன்னது முழுவதும் சரி. வன்பொருள் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழிகள் இணையத்தில் கிடைக்கின்றன; கடைக்காரரும் அதைத்தான் செய்வார் என்று நினைக்கிறேன். உங்கள் செயலியில் அது ஓடவும் கூடும். ஆனால் அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புகளைத் திரும்பவும் இதே சுற்றுவழியில் நீங்களே ஏற்ற வேண்டியிருக்கும். 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் அது தரும் வேகமும் வேலைக்கு உதவாது.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு வைத்திருக்கும் தனிப்பட்ட பயனர்களுக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டித்துத் தரும் இஎஸ்யு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அதோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை. ஒத்திசைக்க வேண்டாமென்றால் 30 டாலர் அல்லது 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். இது அவகாசம் மட்டுமே என்பதால், அதற்குள் அடுத்த ஏற்பாட்டை முடிவு செய்ய வேண்டும்.

ஆபீஸ் விஷயத்தில் இரண்டு தடைகள் இருக்கின்றன. ஆபீஸ் 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபர் 13-இலேயே முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் அனுப்பும் கோப்புகளைத் திறக்கும் கணினியில் அதை வைத்திருப்பது நல்லதல்ல. மேலும், ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் பதிப்பின் உரிமம் வீட்டு உபயோகத்துக்கும் படிப்புக்கும் உரியது. கட்டணம் பெற்றுச் செய்யும் மொழிபெயர்ப்பு அதன் வரம்புக்குள் வராது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் உரிமம் என்றே காட்டுகிறது. ஆபீஸ் பற்றி நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்படியானால், விண்டோஸுக்கு மாற்றான, உரிமச் சிக்கலே இல்லாத லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். என்னுடைய கோப்புகள் பாதி லதா எழுத்துருவில் யூனிகோடில் இருக்கின்றன. பழையவை யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறை.

பதில் 3

மாறலாம், உங்கள் கணினிக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22-இன், இலகுவாக ஓடும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருத்தமாக இருக்கும். அது உபுண்டு 24.04 என்ற மற்றொரு லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை ஆதரவு உண்டு. ஆனால் உரிமச் சிக்கலே இல்லை என்பதைச் சற்றுத் திருத்திச் சொல்ல விரும்புகிறேன். லினக்ஸுக்கும் உரிமம் இருக்கிறது, ஜிபிஎல் என்று பெயர். எந்த நோக்கத்துக்கும், தொழில் உட்பட, பயன்படுத்தவும் நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் அது வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. லிப்ரே ஆபீஸும் அவ்வாறே தடையின்றிக் கிடைக்கிறது. உங்கள் தொழிலை மறைக்காமல் செய்ய இந்த அனுமதியே போதும்.

கவனிக்க வேண்டியது எழுத்துருக்களை. லதாவும் நிர்மலா யுஐயும் விண்டோஸோடு சேர்த்து உரிமம் தரப்பட்டவை. அந்தக் கோப்புகளை லினக்ஸுக்கு நகலெடுப்பது முறையல்ல. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், கட்டமரன் ஆகியவை யாரும் தடையின்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் கிடைப்பதால் இவற்றில் ஒன்றுக்கு மாறுங்கள். எழுத்தின் அகலம் வேறுபடுவதால் வரிகள் மடங்கும் இடமும் பக்க எண்ணிக்கையும் மாறும். பக்கக் கணக்கில் கட்டணம் பேசியிருந்தால் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. பாமினி கோப்புகளின் கதை வேறு: அவற்றுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துக் குறியீடுகளே. பாமினி இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஆங்கிலச் சொற்கள் கலந்த பத்திகளைக் கண்ணால் சரிபார்த்து வையுங்கள். மாற்றிகள் அந்த இடங்களில்தான் பிழை செய்யும். தமிழ்99-க்கு ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் தொகுப்பை நிறுவினால் போதும்.

முதலில் கோப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துவிட்டு, மின்டை பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரின்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும். அதன் பிறகு எஸ்எஸ்டி வாங்கி அதில் மின்டை நிறுவி, விண்டோஸ் 10 இருக்கும் பழைய டிஸ்க்கை அழிக்காமல் கழற்றி வையுங்கள். வாடிக்கையாளர் விண்டோஸில் மட்டும் ஓடும் மொழிபெயர்ப்பு மென்பொருள் எதையாவது கட்டாயமாகக் கேட்டால், அந்தப் பழைய டிஸ்க்கைத் திரும்பப் பொருத்தினால் உங்கள் பழைய உரிமம் அப்படியே வேலை செய்யும்.