பீப் ஒலி சரியாக வருகிறது, கிடார் ஒலி பாதியாகிறது: நானே செய்த பேட்ச் கேபிளில் என்ன தவறு?

சோமனூர்க்காரன்:
வணக்கம். கிடார் ஒலியை மாற்றும் பெடல்களை அடுக்கிவைக்கும் பெடல்போர்டுக்காக, பெடலுக்குப் பெடல் இணைக்கும் குட்டையான பேட்ச் கேபிள்கள் ஆறை நானே ஈயம் வைத்துச் செய்தேன். கடையில் விற்கும் கேபிள்களின் பிளக் இரண்டு பெடல்களுக்கு நடுவே மூன்று விரல் இடத்தைத் தின்றுவிடுகிறது. என்னுடையது பழைய அலமாரிக் கதவை அறுத்துச் செய்த பலகை. ஐந்து பெடலையும் நெருக்கி வைத்தால்தான் கொள்ளும். அதனால் காந்திபுரம் போய்த் தட்டையான பிளக் பன்னிரண்டும் கிடார் கேபிள் 2 மீட்டரும் வாங்கி வந்து, 15 செ.மீ. துண்டுகளாக வெட்டிச் செய்தேன். நான்கு பலகையில், இரண்டு கையிருப்பு.

எல்லா பெடலையும் அணைத்து வைத்திருந்தாலும் ஒலி பாதியாகிவிடுகிறது. போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் மங்கலாகவும் இருக்கிறது. கிடாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் கணீரென்று கேட்கிறது. மல்டிமீட்டரை பீப் ஒலிக்கு வைத்துச் சோதித்தேன். பிளக்கின் நுனிக்கு நுனி பீப், உடலுக்கு உடல் பீப், நுனிக்கும் உடலுக்கும் நடுவே சத்தமில்லை. ஆறும் அப்படித்தான்.

ஃபஸ், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே நான்கும் ட்ரூ பைபாஸ், அதாவது அணைத்தால் ஒலி உள்ளே எதையும் தொடாமல் நேராகக் கடந்துபோகும். இடமில்லாததால் ட்யூனர் கடைசியில் இருக்கிறது. அதில் பஃபர் (ஒலியை வலுவாகத் தள்ளிவிடும் சுற்று) உண்டு. வெள்ளிக்கிழமை கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்க வேண்டும். நடுவில் மூன்று நாள்தான்.

பல்லடம் பேஸ்:
கேபிளின் கெப்பாசிட்டன்ஸ்தான் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை) காரணம் என்று நினைக்கிறேன். மலிவான கேபிள் உச்ச ஒலிகளை உறிஞ்சிவிடும். நல்ல கேபிளாக வாங்குங்கள்.

கோபி மைக்செட்:
தம்பி, முப்பது வருடமாக மாரியம்மன் நோம்பிக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மைக் செட் கட்டுகிறேன். நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வலைக்கம்பியை இரண்டு பக்கமும் சேர்த்தால் கிரவுண்ட் சுற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் வைத்து மறுபக்கத்தை வெட்டிவிடு. இரைச்சலும் போய்விடும்.

உடுமலை ஈயம்:
பல்லடத்தாரே, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணக் கிடார் கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் இருக்கும். 15 செ.மீ. துண்டு நான்கு சேர்ந்தால் 60. கிடாரிலிருந்து பலகைக்கு வரும் நீளக் கேபிளிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கும். தவிர, கெப்பாசிட்டன்ஸ் உச்ச ஒலியைத்தான் தின்னும், மொத்த ஒலியைப் பாதியாக்காது. இங்கே இரண்டும் குறைகிறது. ஏதோ ஒரு கேபிளில் நுனிக்கும் உடலுக்கும் நடுவே கசிவு இருக்கிறது.

சோமனூர்க்காரரே, இரண்டு வேலை செய்யுங்கள். முதலில் ட்யூனரைக் கழற்றி வரிசையின் தலையில் வையுங்கள். அடுத்து, கேபிள்களை எல்லாப் பக்கமும் கழற்றி, மீட்டரை பீப்பிலிருந்து மாற்றி 200 கிலோ ஓம் அளவில் வைத்து நுனிக்கும் உடலுக்கும் நடுவே அளந்து எழுதுங்கள். பீப் சில பத்து ஓமுக்குக் கீழே இருந்தால்தான் கத்தும். பத்தாயிரம் ஓம் கசிந்தாலும் வாயே திறக்காது. அளக்கும்போது இரண்டு உலோக முனையையும் விரலால் பிடிக்காதீர்கள். உங்கள் உடம்பின் ஓமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சோமனூர்க்காரன்:
ட்யூனரை முன்னால் வைத்ததும் ஒலி திரும்ப வந்துவிட்டது! ஆனால் பலகையில் அது அங்கே நிற்காது, இப்போது தரையில் கிடக்கிறது.

மீட்டர் சொல்வது: நான்கு கேபிள்களில் இடது ஓரத்தில் வெறும் 1, அதாவது அளவையே தாண்டிவிட்டது. மூன்றாவதில் 14.2. ஐந்தாவதில் 38. மூன்றும் ஐந்தும் பலகையில் இருப்பவை.

உடுமலை ஈயம்:
அகப்பட்டது. ட்யூனரின் பஃபர் குறைந்த மின்மறுப்பில் ஒலியைத் தள்ளுவதால் 14 கிலோ ஓம் அதற்கு ஒரு சுமையே இல்லை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கிடார் பிக்கப்புக்கு அப்படியல்ல. அதன் சுருளே ஏழெட்டு கிலோ ஓம் இருக்கும். உள்ளே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகாக 250 அல்லது 500 கிலோ ஓம் பாட் வைத்திருப்பதே சுமை ஏறாமல் பார்த்துக்கொள்ளத்தான். உங்கள் இரண்டு கசிவும் சேர்ந்து ஏறத்தாழ பத்து கிலோ ஓம், அதைக் கழுத்தில் கட்டினால் எப்படிப் பாடும்?

மூன்றாவதைத் திறந்து பாருங்கள். வலைக்கம்பியைப் பின்னால் மடக்கியதும், நடுக்கம்பியின் காப்புக்கு மேலே மெல்லிய கறுப்பு உறை ஒன்று தெரிகிறதா? பார்த்தால் சாதாரண பிளாஸ்டிக் போலத்தான் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்டிக். கேபிள் வளையும்போது வலை காப்பின்மேல் உராய்ந்து மின்னூட்டம் சேரும், அது படபடவென்று ஒலிக்கும். அதை வடித்துவிடவே அந்த உறை. முதல் முறை செய்கிறவர்கள் அதைக் காப்பு என்று நம்பி, ஈயம் வைக்கும் இடம்வரை விட்டுவிடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

சோமனூர்க்காரன்:
அண்ணா, இருக்கிறது! மூன்றாவதில் அந்தக் கறுப்பு உறை நுனி ஈயத்தோடு உருகி ஒட்டியே போயிருக்கிறது. ஐந்தாவதில் ஒரு மயிரிழை தொட்டுக்கொண்டிருக்கிறது. மற்ற நான்கில் தற்செயலாக விலகி நின்று பிழைத்திருக்கின்றன. நகத்தால் உரிக்க வரவில்லை. எப்படி எடுப்பது?

உடுமலை ஈயம்:
பிளேடால் சுற்றிலும் ஒரு கோடு மட்டும் போடுங்கள், அறுக்காதீர்கள். பிறகு அந்த இடத்தில் லேசாக வளைத்தால் உறை கோட்டோடு பிளந்துகொள்ளும், இழுத்து உருவலாம். நடுக்கம்பி திறந்திருக்கும் இடத்துக்கும் கறுப்பு உறைக்கும் நடுவே வெள்ளைக் காப்பு 3 மி.மீ. கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிழைத்த நான்கையும் திறந்து இதையே செய்யுங்கள். இன்று விலகி நிற்பது மேடையில் ஒரு மிதி பட்டால் தொட்டுக்கொள்ளும்.

உருகி ஒட்டியது என்றால் அயர்னை அதிக நேரம் வைத்திருக்கிறீர்கள். கம்பியிலும் பிளக்கின் நாக்கிலும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசிவிட்டால், பிறகு சேர்த்து வைத்து இரண்டு விநாடி தொட்டால் போதும். உடல் பக்கம் நிக்கல் பூச்சு இருப்பதால் ஈயம் உருண்டு ஓடும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வையுங்கள். 63/37 ஈயம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 183 டிகிரியில் உருகி, குழம்பு நிலையில் நிற்காமல் உடனே உறைந்துவிடும், கை ஆடி டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத ஈயம்) விழும் வாய்ப்புக் குறைவு. தகரத்துக்கும் குழாய்க்கும் பூசும் ஆசிட் பேஸ்டை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், ஆறு மாதத்தில் பச்சை பூக்கும்.

சோமனூர்க்காரன்:
ஆறையும் பிரித்துச் செய்துவிட்டேன். ஆறிலும் இடது ஓரத்தில் 1. ட்யூனர் பழையபடி கடைசிக்கே போய்விட்டது, ஒலி முழுதாக வருகிறது.

ஒன்றை மட்டும் கோபி அண்ணன் சொன்னபடி வலையை ஒரு பக்கம் வெட்டிச் செய்தேன். அதுதான் இப்போது உறுமுகிறது. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும்போது இன்னும் அதிகம். வேடிக்கை என்னவென்றால், கிடார் ஒலியும் கேட்கிறது. வலை வெட்டுப்பட்டிருந்தால் ஒலியே வரக்கூடாதல்லவா?

உடுமலை ஈயம்:
பெடல்கள் எல்லாம் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரிந்த வயரில் ஓடுகின்றனவா? அப்படியானால் கிரவுண்ட் அந்த 9 வோல்ட் வயர் வழியாகச் சுற்றிப் போய்த் திரும்புகிறது. வழியில் அகப்பட்ட இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். அடாப்டரை முழுதாகக் கழற்றிவிட்டு பெடல்களை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், கிடார் காணாமல் போய் உறுமல் மட்டும் மிஞ்சும்.

கோபி அண்ணா, நீங்கள் சொன்னது மூன்று பின் மைக் கேபிளுக்குப் பொருந்தும். அதில் ஒலி போய்வர இரண்டு கம்பி தனியாக இருக்கிறது, வலை வெறும் கவசம். இதில் நடுக்கம்பி ஒன்றுதான், திரும்பி வரும் வழியே வலைதான்.

கோபி மைக்செட்:
சரிதான். எங்கள் கேபிளில் மூன்று கம்பி, உங்களுடையதில் இரண்டு என்பதை யோசிக்கவில்லை. தம்பி, வெட்டினதைச் சேர்த்துவிடு, பழியை என் கணக்கில் எழுதிக்கொள்.

சோமனூர்க்காரன்:
சேர்த்துவிட்டேன் அண்ணா. சேர்ப்பதற்கு முன் பேட்டரியில் வைத்தும் பார்த்தேன், உடுமலை அண்ணன் சொன்னதுபோலவே கிடார் காணாமல் போனது. இப்போது உறுமல் போய்விட்டது. தறி ஓடும்போது மட்டும் சிறிது இரைகிறது. கிடாரோடு திரும்பி உட்கார்ந்தால் குறைகிறது.

உடுமலை ஈயம்:
திரும்பினால் குறைகிறது என்றால் அது சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் தறி மோட்டாரின் காந்தப்புலத்தைப் பிடிப்பது. கேபிளில் இனி வேலை இல்லை.

கோபி மைக்செட்:
மண்டபத்தில் தறி இருக்காது. ஆனால் மேடை ஓரத்தில் சீரியல் விளக்கின் பெட்டி இருக்கும். வெள்ளிக்கிழமை அதைவிட்டு நான்கு முழம் தள்ளி நாற்காலி போடச் சொல்.