ஜான் பாரமரின் நடுவர் வாழ்க்கை: கண்டிப்பா, கடுமையா?

பசும்புல்வெளி:
ஐரோப்பாவின் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான ஐரோப்பிய கோல்ஃப் சுற்றில் 1976இல் பணிக்குச் சேர்ந்து, தலைமை நடுவராக உயர்ந்து, 2020இல் ஓய்வு பெற்றவர் ஜான் பாரமர். அமெரிக்காவில் நடக்கும் பெரும்போட்டியான மாஸ்டர்ஸில், 2013இல், மெதுவாக ஆடியதற்காக 14 வயதுச் சீனச் சிறுவன் குவான் தியான்லாங்குக்கு ஒரு ஷாட் அபராதம் விதித்தவரும் அவரே. அனுபவமிக்க வீரர்கள் பலர் ஆற அமர ஆடுவதை நாம் தொலைக்காட்சியிலேயே காண்கிறோம். அப்படியிருக்க, இவரை எல்லோரும் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் என்ன?

வால்டெராமா ரசிகன்:
1994ஆம் ஆண்டு வோல்வோ மாஸ்டர்ஸ் போட்டியை அறிந்தால் காரணம் விளங்கும். ஸ்பெயின் மண்ணில், ஸ்பெயினின் செல்லப்பிள்ளையான கோல்ஃப் வீரர் செவே பாலஸ்டெரோஸின் பந்து கடைசிக் குழியில் ஒரு மரத்தடியில் போய் நின்றது. அருகில் மண் தோண்டப்பட்டிருந்ததைக் காட்டி, அது விலங்கின் வளை என்றும், எனவே பந்தை அபராதமின்றி நகர்த்திவைக்கத் தமக்கு உரிமை உண்டு என்றும் அவர் வாதாடினார். வளைதோண்டும் விலங்கு அங்கே இருந்ததற்கான தடயம் ஏதும் தென்படாததால் பாரமர் மறுத்துவிட்டார். செவே கிடந்த இடத்திலிருந்தே ஆட வேண்டியதாயிற்று. ஜெர்மனி வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் வென்றார். அந்தக் கூட்டத்தின் நடுவே, செவேயிடம் முடியாது என்று சொல்வதற்கு விதிப்புத்தக அறிவு மட்டும் போதாது.

நிறுத்தக் கடிகாரம்:
குவான் விவகாரத்திலும் எச்சரிக்கை முதலில் வந்தது, அபராதம் பிறகுதான் வந்தது. ஒரு ஷாட்டுக்கு 40 வினாடி என்ற வரம்பை அவர் மீண்டும் தாண்டியதால், இரண்டாம் நாள் 17ஆவது குழியில் தண்டனை விழுந்தது. ஆயினும், முதல் இரண்டு நாளுக்குப் பின் யார் நீடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் தகுதிக்கோட்டின் விளிம்பில் நின்று, அவர் மூன்றாம் நாளுக்கு முன்னேறினார். பெரியவர்களை பாரமர் விட்டுவைத்தார் என்பதும் சரியன்று. 2009இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் மைதானத்தில் டைகர் வுட்ஸும் பட்ரெய்க் ஹாரிங்டனும் முதலிடத்துக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த கடைசி நாளில், அவர்களது ஆட்ட நேரத்தை அளக்கத் தொடங்கினார். அந்த நெருக்கடியில் 16ஆவது குழியில் ஹாரிங்டன் எட்டு ஷாட் எடுத்துச் சரிந்தார். வென்ற டைகரே அந்த முடிவைக் குறைகூறினார். அங்கே ஆட்டத்தின் சுவை கெட்டது என்பதே என் கருத்தும்.

பசும்புல்வெளி:
விளக்கங்களுக்கு நன்றி. சுற்றில் ஆடிய தொழில்முறை வீரர்தான் நல்ல நடுவராக முடியும் என்று சிலர் சொல்வது உண்மையா?

வால்டெராமா ரசிகன்:
அப்படி ஒரு நியதி இல்லை. அமெரிக்காவின் ஸ்லக்கர் ஒயிட் 1970களின் பிற்பகுதியில் அந்நாட்டின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ சுற்றில் ஆடிவிட்டு விதிகளின் பக்கம் வந்து, பல பத்தாண்டுகள் பணியாற்றினார். பாரமரோ இளமையிலேயே நிர்வாகப் பணியில் நுழைந்தவர். இன்னொன்று: 2019 விதித் திருத்தத்துக்குப் பின், புழு பூச்சிகளைத் தவிர எந்த விலங்கு தோண்டிய பள்ளமானாலும் பந்தை அபராதமின்றி நகர்த்தும் சலுகை உண்டு, வளைதோண்டும் இனமா என்று பார்ப்பதில்லை. இன்றைக்கு என்றால் செவேயின் வாதம் சற்று வலுப்பெற்றிருக்கும். ஆனாலும் விலங்குதான் தோண்டியது என்பதற்குத் தடயம் காட்டியாக வேண்டும்.