வீடு மாறி ஐந்து நாள்: நாய் சரியாகச் சாப்பிடவில்லை, ஹாலிலேயே மூத்திரம், தனியே விட்டால் ஊளை

நாலாம்மாடி (கேள்வி)

ஜிம்மிக்கு 5 வயது. ஆண், 22 கிலோ, கருத்தடை ஆனவன். இதுவரை மண் முற்றம் வைத்த தரைத்தள வீடு; முற்றத்துக் கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். ஐந்து நாள் முன்பு நாலாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்தோம். இப்போதைய நிலவரம்:

பகலில் தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பாதி சாப்பிடுகிறான். தண்ணீர் குடிக்கிறான்.

கீழே கூட்டிப்போய் இருபது நிமிஷம் நடந்தாலும் மூத்திரம் போவதில்லை. மேலே வந்ததும் ஹாலில், பால்கனிக் கதவை ஒட்டிய மூலையில் போகிறான். நாலு தடவை ஆயிற்று, நாலும் அதே இடம்.

லிஃப்ட் வாசலில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறான். தூக்கிக்கொண்டுதான் போகிறோம்.

வாசல் கதவைச் சாத்தினால் ஒரு நிமிஷத்துக்குள் ஊளை. கதவின் உள்பக்கம் பிராண்டிய தடம் இருக்கிறது.

பத்து நாளில் ஆபீஸ் திரும்ப வேண்டும், ஒன்பது மணி நேரம் வீட்டில் ஆள் இருக்காது. எதிலிருந்து தொடங்குவது?

வால்முனை

அவன் மூக்கால் போட்டு வைத்திருந்த வரைபடம் பழைய வீட்டோடு போய்விட்டது. கையில் மிச்சம் நேரக்கணக்கு ஒன்றுதான், அதையாவது கலைக்காதீர்கள். எழுந்திருப்பது, நடை, சாப்பாடு, விளக்கணைப்பது எல்லாம் பழைய வீட்டில் எத்தனை மணிக்கோ அதே மணிக்கு. கால் மணி முன்பின் ஆகலாம்.

முழு ஃபிளாட்டையும் திறந்து விட்டிருந்தால் ஒரே அறையாகச் சுருக்குங்கள். வாசலுக்கும் லிஃப்ட் சத்தத்துக்கும் தள்ளிய அறை. பழைய படுக்கை (துவைக்கவே கூடாது), நீங்கள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று, தண்ணீர். நீங்களும் ராத்திரி அங்கேயே படுங்கள். சுருண்டு படுத்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் காதை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தால் இன்னும் பழகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து நாலு காலையும் நீட்டித் தூங்க ஆரம்பித்தால் அடுத்த அறையைத் திறக்கலாம்.

மண்ணில் வளர்ந்த நாய் டைல்ஸில் நடப்பதை ஒருதரம் உட்கார்ந்து கவனியுங்கள். விரல்களை அகட்டி, நகத்தால் பிடிக்கப் பார்க்கும். நகம் டைல்ஸில் பிடிக்காது, வழுக்கும், பயம் இன்னும் ஏறும். படுக்கையிலிருந்து தண்ணீருக்கும், அங்கிருந்து வாசலுக்கும் அடியில் ரப்பர் வைத்த மிதியடிகளை வழி மாதிரி விரியுங்கள். நேராக நிற்கும்போது நகம் தரையைத் தொட்டால் வெட்ட வேண்டும். பாதத் திண்டுகளுக்கு நடுவில் முடி வளர்ந்திருந்தால் அதையும் கத்தரித்துவிடுங்கள்.

சாப்பாடு: அதே உணவு, அதே தட்டு. 20 நிமிஷம் வைத்துவிட்டு, தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். மணிக்கொரு புது ருசி காட்டினால் அடுத்ததற்குக் காத்திருக்கப் பழகிவிடும். ராத்திரி சாப்பிடுகிறான் என்றால் பசி இருக்கிறது, பகல் சத்தம்தான் தடுக்கிறது. தட்டை அந்த அமைதியான அறைக்கு மாற்றினாலே பாதி சரியாகும். உலர் உணவில் ஒரு பிடியை மிதியடி மேல் சிதறி மோப்பம் பிடித்துத் தின்ன விடுங்கள், மோப்பம் பிடிப்பதே நாயை நிதானப்படுத்தும். உணவை மாற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு வாரம் கழித்து, ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

தாரகை

நல்லாக் குளிப்பாட்டி, புதுப் படுக்கை வாங்கிப் போடுங்க, பழசை மறந்துடும். ஹால்ல போனா அந்த இடத்துக்கு இழுத்துட்டுப் போய் மூக்கைக் காட்டித் திட்டுங்க, ரெண்டே நாள்ல நிறுத்திடும்.

மோப்பக்காரன்

ரெண்டுமே வேண்டாம். புது வீட்ல அவன் வாசனை இருக்கிற ஒரே பொருள் அந்தப் படுக்கைதான். திட்டினா "இங்க போகக்கூடாது"ன்னு அவனுக்குப் புரியாது. "இவங்க பார்க்கும்போது போகக்கூடாது"ன்னுதான் புரியும். அப்புறம் கீழே கயிறு உங்க கையில இருக்கும்போது சுத்தமாப் போகவே மாட்டான், சோபா பின்னாடி போய்ப் போவான்.

இவன் பிடிவாதம் பிடிக்கலை. அஞ்சு வருஷமா காலுக்கடியில மண் பட்டா மூத்திரம்னு பழக்கம், கதவைத் தாண்டினா முற்றம்னு கணக்கு. அதான் பால்கனிக் கதவைத் தேடிப் போறான். அந்தக் கணக்கைக் கீழே இறக்கணும்.

முதல்ல மூலையைச் சுத்தம் பண்ணுங்க. பினாயில் வாசனையை மூடும், அழிக்காது. யூரிக் அமில உப்பு தரையிலயே தங்கிடும், ஈரம் பட்டா மறுபடி மணக்கும். நம்ம மூக்குக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். செல்லப்பிராணிக் கறைக்குன்னே வர்ற என்சைம் கிளீனர் வாங்கி, டைல்ஸ் இடுக்கு நனையற மாதிரி ஊத்தி, புட்டியில போட்டிருக்கிற நேரம் வரைக்கும் காயாம விடுங்க. தெளிச்ச கையோட துடைச்சா என்சைம் வேலையே செய்யாது. அம்மோனியா கலந்த கிளீனர் கூடாது, மூத்திர வாடை மாதிரியே இருக்கும். மூத்திரத்து மேல பிளீச் ஊத்தாதீங்க, மூச்சைப் பிடிக்கிற வாயு கிளம்பும். முன்னாடி குடியிருந்தவங்க நாய் வெச்சிருந்தாங்களோன்னு சந்தேகம் இருந்தா, ராத்திரி விளக்கணைச்சு புற ஊதா டார்ச் அடிச்சுப் பாருங்க, காய்ஞ்ச கறை மங்கலா ஒளிரும்.

அடுத்த தடவை ஹால்ல போனா அதைப் பேப்பர்ல ஒத்தி எடுத்து, கீழே மண்ணோ புல்லோ இருக்கிற ஒரு ஓரத்துல வெச்சுடுங்க. பழைய முற்றத்து மண் ஒரு பை கிடைச்சா அதையும் அங்க கொட்டுங்க. தினமும் அதே இடம். நடக்க வேண்டாம், ஆறடிக் கயிறோட நில்லுங்க. அஞ்சு நிமிஷம் பேசாம நின்னா வட்டமடிக்க ஆரம்பிப்பான். போய் முடிச்ச நொடியே தின்பண்டம், நடை அதுக்கப்புறம்தான். நடையை முதல்ல குடுத்து, மூத்திரம் போனதும் மேலே கூட்டிட்டு வந்தா, போனா சுகம் முடிஞ்சுடும்னு கத்துக்குவான். இருபது நிமிஷம் அடக்கறதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

எழுந்ததும், சாப்பிட்ட கால் மணியில, படுக்கப் போகும் முன்னாடி, நடுவுல ரெண்டு மூணு மணிக்கொரு தடவை இறக்குங்க. கீழே மூத்திரம் போகாம மேலே வந்தா அவிழ்த்து விடாதீங்க. கயிறை இடுப்புல கட்டிக்கிட்டு, பத்து நிமிஷத்துல திரும்ப இறக்குங்க. மூத்திரத்தைக் குறைக்கணும்னு தண்ணியை மட்டும் குறைச்சிடாதீங்க.

கதவோரம்

லிஃப்டை ஒரே நாளில் பழக்க முடியாது. பத்தடி தள்ளி நின்று கதவு திறந்து மூடும்போதெல்லாம் தின்பண்டம். பிறகு உள்ளே போய் உடனே வெளியே. பிறகு ஒரு மாடி. கதவிடுக்கு வழியாகத் தெரியும் ஆழமும் கண்ணாடிப் பிம்பமும்தான் பல நாய்களை நிறுத்துகின்றன. இடுக்கை மறைத்துச் சின்ன மிதியடி போட்டால் சில சமயம் அதுவே போதும். நீளும் கயிறு லிஃப்டில் கூடவே கூடாது: நாய் வெளியே, நீங்கள் உள்ளே என்று கதவு மூடினால் கழுத்து போய்விடும். குட்டைக் கயிறு, ஹார்னஸ், அவன் உடம்பு உங்கள் முழங்காலை ஒட்டி. வால் உள்ளே வந்ததா என்று பார்த்துவிட்டு பட்டனை அழுத்துங்கள். அவசரத்துக்குத் தூக்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

தனிமைதான் நாலிலும் கடினம். உள்ளே ஒரு பழைய ஃபோனைக் கேமராவாக வைத்துவிட்டு வெளியே போய் நில்லுங்கள். ஊளைக்கு முன்பே அறிகுறிகள் வரும்: உதட்டை நக்குவது, கொட்டாவி, கதவுக்கும் படுக்கைக்கும் அலைவது. முதல் அறிகுறி எத்தனையாவது விநாடி என்று குறித்து, அதில் பாதியில் பயிற்சியைத் தொடங்குங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை, நாளுக்கு இரண்டு வேளை. நேரத்தை ஏணிப்படியாக ஏற்ற வேண்டாம். 20 விநாடி, 25, 10, 30, 15 என்று கலையுங்கள். ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் நாய் அதையும் கணக்குப் போட்டுவிடும். ஊளை வந்துவிட்டால் அடுத்த வேளை நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே சாவியை எடுத்துவிட்டுச் சோபாவில் உட்காருங்கள், செருப்புப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போங்கள். சாவிச் சத்தத்துக்கு அர்த்தம் இல்லாமல் போக வேண்டும். உணவு அடைத்த பொம்மையை வைத்துவிட்டுப் போய், திரும்பும்போது தொடாமல் கிடந்தால் நேரம் அதிகம் என்று பொருள். நல்ல அளவுகோல் அது.

பத்து நாளில் ஒன்பது மணி நேரம் வராது. ஏமாற்ற விரும்பவில்லை. இந்த இடைக்காலத்தில் ஊளை வரும்வரை விட்டுப் பழக்க முயன்றால் செய்த பயிற்சியும் வீணாகும். ஆள் ஏற்பாடு, பகல்நேரக் காப்பகம், பாதி நாள் விடுப்பு என்று ஏதாவது பார்க்கத்தான் வேண்டும். கூண்டில் பூட்டிவிட்டுப் போவது இவனுக்கு ஆகாது. கதவைப் பிராண்டுகிறவன் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வான்.

ஸ்டெத்

சேர்க்க வேண்டியவை மட்டும்.

பாதி சாப்பாடு என்றால் ஒரு வாரம் பொறுக்கலாம். 24 மணி நேரம் எதுவுமே தொடவில்லை என்றால் மருத்துவரிடம் ஃபோனிலாவது கேளுங்கள், 48 மணி ஆனால் நேரில். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காவிட்டாலும் அப்படியே. வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் அந்த நிமிஷமே கிளம்புங்கள். முக்கியும் மூத்திரம் வராத ஆண் நாயும் அவசரம்தான். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலோ ரத்தம் தெரிந்தாலோ பழக்கம் என்று நினைக்காமல் மூத்திரப் பரிசோதனை செய்யுங்கள்.

பதற்றத்துக்கு டிரசோடோன், கேபாபென்டின் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தரலாம். பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் உதவும். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதுவும் வேண்டாம். மனிதர்களுக்கான கேபாபென்டின் திரவத்தில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கக்கூடும், அது நாய்க்கு விஷம். ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் நினைக்கவே வேண்டாம்.

காலி வீட்டில் எலி மருந்து வைத்திருப்பார்கள். சிங்க் அடி, அலமாரிப் பின்புறம், பால்கனி மூலை எல்லாம் பாருங்கள். பால்கனிக் கம்பி இடைவெளியில் அவன் தலை நுழைந்தால் வலை கட்டும்வரை கதவு மூடியே இருக்கட்டும். மைக்ரோசிப் இருந்தால் பதிவேட்டில் முகவரியை மாற்றுங்கள்; சிப்பில் எண் மட்டும்தான் இருக்கும். ஓடிவிட்டால் பழைய வீட்டைத் தேடிப் போகலாம், அங்கே அக்கம்பக்கத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

நாலாம்மாடி

நன்றி. கேமரா வைத்துப் பார்த்தோம். 22ஆவது விநாடியில் உதட்டை நக்குகிறான், 35இல் கதவுக்கு வருகிறான், 50இல் ஊளை. எதைக் கணக்கில் எடுப்பது? திரும்பி வந்ததும் கொஞ்சலாமா?

கதவோரம்

22. பாதி 11, ஆக பத்து விநாடியில் தொடங்குங்கள். உள்ளே வந்ததும் ஆர்ப்பாட்டம் வேண்டாம், சும்மா ஒரு தட்டு தட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அடுத்த முறைக்கு முன் ஒரு நிமிஷம் இடைவெளி. அதற்குள் போய்ப் படுத்தால் தொடரலாம், கதவிலேயே நின்றால் அந்த வேளைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.