புதுப்பிப்பு: பட்டர்வொர்த் வீட்டுக்கான சோலார் அமைப்பு முடிவாகிவிட்டது

மின்கட்டமைப்போடு இணைந்த சோலார் அமைப்பா, மின்கலத்துடன் கூடிய கலப்பு அமைப்பா, முற்றிலும் தனித்தியங்குவதா என்று மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டுக்காக முன்பு இந்த இழையில் கேட்டிருந்தேன். தனித்தியங்கும் அமைப்பை முதலிலேயே விலக்கிவிட்டோம். மின் நிறுவனமான தெனாகாவின் மின்சாரம் வாசல்வரை வரும் ஊரில் அதற்குத் தேவையில்லை.

அளவை முடிவு செய்ய விதிமுறை மாற்றமே பெரிதும் உதவியது. 2025 ஜூன் இறுதியில் முடிந்த என்.இ.எம். என்ற கூரைச் சோலார் திட்டத்தில், மிஞ்சி மின்கட்டமைப்புக்குப் போகும் மின்சாரத்துக்கான வரவை (கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் தொகையை) அடுத்த மாதங்களுக்குக் கொண்டு செல்லலாம் என்றிருந்தது. 2026 ஜனவரியில் அதற்குப் பதிலாகத் தொடங்கிய சோலார் அத்தாப் திட்டத்தில் அந்த வரவு அதே மாதக் கட்டணத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே, கூரை கொள்ளும் மட்டும் தகடுகளை நிரப்பச் சொல்லும் விற்பனையாளர்களின் பேச்சை (அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) ஒதுக்கிவிட்டு, ஒரு கிலோவாட் தகடு இங்கே மாதம் ஏறக்குறைய 100 முதல் 120 அலகு (யூனிட்) தரும் என்ற கணக்கில், எங்கள் பயன்பாட்டை மிஞ்சாத 4 கிலோவாட் போதும் என்று தீர்மானித்தோம்.

மின்தடையின்போது, வெளியே கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காகச் சாதாரண இன்வெர்ட்டர் (தகடு தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கான மாறுமின்சாரமாக மாற்றும் கருவி) தானே நின்றுவிடும் என்பதால், மின்கலம் இல்லாத வீட்டில் நண்பகல் வெயிலிலும் மின்விசிறி சுழலாது. எங்கள் பகுதியில் மின்தடை அரிது. மின்கலம் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் அதைப் பின்னர் சேர்க்க இடந்தரும் கலப்பு இன்வெர்ட்டரையே, விலை சற்றுக் கூடினாலும், வாங்குகிறோம்.

கூரை மேற்குப் பார்த்திருப்பதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 5 பாகையில் இருக்கும் பினாங்கில் நண்பகல் வெயில் பெரும்பாலும் உச்சிக்கு அருகிலிருந்தே விழுவதால் அது பெரிய இழப்பல்ல. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலைத்தான் இன்னும் அளந்து பார்க்க வேண்டும்.